மறை எண்ணின் வலு: உயர்தர வகுப்புக்கு எந்த மொழியைக் கொடுப்பது?

திருகோணமலையில் உயர்தர வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கவும் வரைபு கீறிப் பார்க்கவும் கொம்பியூட்டரில் எதைக் கொடுப்பது? எக்செல் எல்லா இடத்திலும் இருக்கிறது, அதுவே போதும் என்பார் ஒருவர். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்தில் பைதன் இருக்கும்போது வேறு எதற்கு என்பார் இன்னொருவர். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து வந்தவர், கணிதக் கணக்குகளுக்கென்றே உள்ள ஒக்டேவ் மொழியைச் சொல்லுவார். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வரும் பிள்ளைகளில் கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, உலாவியில் அப்படியே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்தான் கைக்கு எட்டுவது.

விலை, வேகம், நிறுவும் சிரமம் என்று பல அளவுகோல்கள் இருக்கின்றன. நான் முதலில் பார்ப்பது வேறொன்று. மறை எண் ஒன்றைக் கொடுத்து அதை வலுவுக்கு உயர்த்தச் சொல்லுகிறேன். கேள்வி இரண்டே. -2² என்ன? -8இன் மூன்றில் ஒன்றாம் வலு என்ன? இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளை இந்த இரண்டையும் கடக்காமல் ஒரு வாரம் போகாது. இவற்றுக்கு மொழிகள் தரும் விடைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்று 4 என்கிறது, ஒன்று -4 என்கிறது, ஒன்று கணக்கையே ஏற்க மறுக்கிறது. பிள்ளைக்குப் பாடம் படிப்பிக்கும் கருவிக்கு விடை சரியாக வருவது மட்டும் போதாது. தவறான இடத்தில் கால் வைத்தால் சத்தம் போடவும் வேண்டும். சத்தமில்லாமல் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும் கருவியைத் தொடக்கக்காரர் கையில் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

விரிதாளும் கவிழாத பரவளைவும்

பாடப்புத்தகத்தில் -2² என்றால் -4. வலு 2ஐ மட்டும் பிடிக்கும், மறைக்குறி வெளியே நிற்கும். இதில் கணித ஆசிரியர்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

எக்செலில் =-2^2 என்று போட்டால் 4 வருகிறது. கூகுள் ஷீட்ஸிலும் 4. லிப்ரே ஒபிஸிலும் 4. இது வழுவல்ல, வகுத்துக்கொண்ட விதி. மைக்ரோசொப்டின் விளக்கத்திலேயே வரிசை தெளிவாக இருக்கிறது: மறைக்குறி முதல், அப்புறம் சதவீதம், அப்புறம் வலு, அதன் பிறகுதான் பெருக்கலும் வகுத்தலும். முன்னால் நிற்கும் மறைக்குறியை எண்ணின் பாகமாகவே விரிதாள் எடுத்துக்கொள்கிறது.

விதி வேறு என்று தெரிந்தால் சமாளிக்கலாமே என்று தோன்றும். சிக்கல் அதைவிட ஆழமானது. ஏ1 கலத்தில் 3 இருக்கட்டும். =10-ஏ1^2 என்று எழுதினால் 1 வரும், சரி. அதையே இடம் மாற்றி =-ஏ1^2+10 என்று எழுதினால் 19 வரும். முதலாவதில் கழித்தல் இரண்டு உறுப்புகளுக்கு நடுவே நிற்பதால் வலு முந்திக்கொள்கிறது. இரண்டாவதில் அது எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. உறுப்புகளை இடம் மாற்றி எழுதினால் விடை மாறாது என்று எட்டாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்துவிட்டு, அது பொய்த்துப்போகும் கருவியை எப்படிப் பிள்ளையிடம் கொடுப்பது? இன்னும் பாருங்கள், =-1*ஏ1^2 என்று எழுதினால் -9, அதாவது சரியான விடை. எக்செலுக்குள்ளேயே மக்ரோ எழுதும் விபிஏ மொழியில் -2^2 கேட்டால் -4 என்கிறது. ஒரே கோப்பு, ஒரே கணக்கு, இரண்டு விடை.

வகுப்பில் இது எப்படி வெளிப்படும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். y = -x² கீறச் சொன்னால் எக்செல் நிமிர்ந்த பரவளைவைக் கீறும். பரவளைவு தெரிந்த பிள்ளை "சேர், நான் சரியாத்தான் போட்டனான், இது கவிழவேயில்ல" என்று கேட்கும். அந்தப் பிள்ளை தப்பிவிடும். ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. செவ்வன் பரம்பலின் மணி வளைகோட்டுக்கு -x²ஐ அடுக்குக்குறிச் சார்புக்குள் (EXP) போடவேண்டும். x = 2 என்றால் வரவேண்டியது ஏறத்தாழ 0.0183. விரிதாளில் அடைப்பில்லாமல் எழுதினால் வருவது ஏறத்தாழ 54.6. மணி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் வானத்துக்கு ஏறும் கிண்ணம் வந்து நிற்கும். புள்ளிவிவரம் புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு அது பிழை என்று தெரிவதற்கு வழியில்லை. அடைப்புப் போட்டு =-(ஏ1^2) என்று எழுதினால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் போடாவிட்டால் விரிதாள் வாய் திறக்காது.

லினக்ஸ் பாவிப்பவர்கள் கவனிக்க: முனையத்தில் ஓடும் பாஷும் (bash) பிசி (bc) கணிப்பானும் இதே கட்சிதான், -2²ஐ 4 என்றே சொல்லும்.

மற்ற மொழிகள் முதல் கேள்விக்கு என்ன சொல்லுகின்றன

பைதன், ஒக்டேவ், மற்லாப், ஆர் (R), ஜூலியா, ரூபி, பிஎச்பி, பேர்ல் எல்லாம் -4 என்கின்றன. பாடப்புத்தகத்தோடு நிற்கின்றன, நல்லது.

சி, சி++, ஜாவா மூன்றிலும் வலுவுக்கென்று குறியே கிடையாது. ^ என்ற குறி இருக்கிறது. ஆனால் அது இரண்டு எண்களையும் இருமை இலக்கங்களாக வைத்து, இலக்கங்கள் வேறுபடும் இடத்தில் 1, ஒத்திருக்கும் இடத்தில் 0 போடும் வேறொரு வேலையைச் செய்கிறது. இது தெரியாத பிள்ளை சியில் -2^2 எழுதினால் என்ன வரும் தெரியுமா? -4. தற்செயலாகச் சரி! -2இன் இருமை வடிவம் ...1110, 2இன் வடிவம் ...0010, ஒப்பிட்டால் ...1100, அது -4. பிள்ளை சந்தோஷமாக அடுத்த கணக்குக்குப் போகும். -3^2 போட்டால் -1 வரும், 3^2 போட்டால் 1 வரும். முதல் சோதனை சரியாக வந்துவிட்டதால், பிழையை வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கும். மொழி கற்றுக்கொள்ள சி அருமையானதுதான். கணித வகுப்பின் பக்கத்துணையாக வைக்க அது ஏற்றதல்ல.

ஜாவாஸ்கிரிப்ட் செய்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2016இல் அந்த மொழிக்கு வலுவுக்கான ** குறி வந்தபோது, -2 ** 2 என்ற எழுத்தையே சட்டவிரோதமாக்கிவிட்டார்கள். ஓட்டினால் தொடரியல் பிழை, அடைப்புப் போடு என்ற அறிவிப்பு. (-2) ** 2 என்று எழுதினால் 4, -(2 ** 2) என்று எழுதினால் -4. நீ எதை நினைக்கிறாய் என்று சொல்லு, அப்புறம் கணக்குப் போடுகிறேன் என்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், பிள்ளைகள் செய்யும் உண்மையான பிழை பாடப்புத்தக விதி தெரியாததால் வருவதில்லை, பிரதியிடுவதால் வருகிறது. x² + 3x என்ற கோவையில் x = -2 போடச் சொன்னால், கை தானாக -2² + 3(-2) என்று எழுதும். அடைப்பு விடுபட்டுவிடும். தாளில் எழுதும்போது மனதுக்குள் வர்க்கம் நேர் என்று தெரிவதால் 4 என்று போட்டு, -2 என்ற சரியான விடையை எடுத்துவிடும். அதையே பைதனில் -2**2 + 3*-2 என்று தட்டினால் -10 வரும். பைதன் விதிப்படி சரியாகவே செய்திருக்கிறது. ஆனால் பிள்ளை நினைத்தது அதுவல்ல. அந்த இடத்தில் நின்று கேட்பது ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றுதான். முதல் கேள்வியை மட்டும் வைத்துத் தெரிவு செய்வதானால் அதையே தெரிவேன்.

மூன்றில் ஒன்றாம் வலு

இரண்டாவது கேள்வியில் காட்சி முழுக்க மாறுகிறது.

-8இன் கனமூலம் -2 என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அதை வலுவாக, (-8)^(1/3) என்று, மொழிகளிடம் கேட்டால் -2 என்ற விடை அனேகமாக வராது. ஏன் என்று விளங்கிக்கொள்ள சாதாரண தரத்தில் பாவித்த மடக்கை அட்டவணையை நினைத்தால் போதும். ஒரு எண்ணின் கனமூலம் எடுக்க அதன் மடக்கையைப் பார்த்து, மூன்றால் வகுத்து, முரண்மடக்கை எடுக்கிறோம். எண் மறையாக இருந்தால் அட்டவணையில் அதற்கு வரிசையே இல்லை. குறியை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு நேர் எண்ணுக்குக் கணக்கைச் செய்து, கடைசியில் குறியைத் திரும்ப ஒட்டுகிறோம். கணினியிலும் பின்ன வலு அடிப்படையில் அதே மடக்கை வழிதான். பஸ்கால் படித்த பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த மொழியில் வலுவுக்குக் குறி இல்லாததால் மடக்கையைப் பெருக்கி அடுக்குக்குறிச் சார்புக்குள் போட்டு எழுதுவோம், அடி மறையானால் அதே இடத்தில் புரோகிராம் விழும்.

அப்படியானால் குறியை எடுத்து வைத்துவிட்டு ஒட்டும் வேலையைக் கணினியே செய்யலாமே? செய்ய முடியாததற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. கணினிக்குள் 1/3 என்ற எண் கிடையாது. வழக்கமான இரட்டைத் துல்லிய வடிவத்தில் அது 6004799503160661ஐ 2இன் 54ஆம் வலுவால் வகுத்த எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. மேலே ஒற்றை எண், கீழே இரட்டை எண். மறை எண்ணுக்கு இரட்டைப்படை மூலம் மெய் எண்களுக்குள் இல்லை. நாம் மனதில் வைத்திருந்த "மூன்றில் ஒன்று" வகுத்தல் முடிந்த கணத்திலேயே தொலைந்துவிடுகிறது. வலுச் சார்பின் கைக்கு வருவது அந்தப் பெரிய பின்னம். அதற்கு மெய் விடை இல்லை என்று சொல்லுவது முற்றிலும் நேர்மையான பதில்.

மிதவைப் புள்ளி எண்களுக்கான ஐட்ரிபிள்ஈ 754 தரம் இதை உணர்ந்துதான் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வேலைகளைப் பிரித்தது. முழு எண் சுட்டிக்கு (சுட்டி என்பது வலுவாக மேலே நிற்கும் எண்) ஒரு சார்பு, மடக்கை வழியே நேர் அடிக்கு மட்டும் ஒரு சார்பு, பொதுவான வலுவுக்கு ஒன்று, n ஆம் மூலத்துக்குத் தனியாக ஒன்று. மூலச் சார்பிடம் "மூன்று" என்ற முழு எண்ணையே கொடுப்பதால் அது -2 என்று சொல்ல முடியும். பொதுவான வலுச் சார்போ மறை அடியும் பின்னச் சுட்டியும் வந்தால் "எண் அல்ல" என்ற அடையாளத்தைத் தரவேண்டும். அதை நேன் என்பார்கள்.

இனி மொழிகள் ஒவ்வொன்றும். ஜாவாஸ்கிரிப்ட் நேன் தருகிறது. ஆர் நேன் தருகிறது. பிஎச்பியும் அப்படியே. ஜூலியா செய்வது இன்னும் நல்லது: ஆட்சிப் பிழை என்று நின்று, சிக்கலெண் (-1இன் வர்க்கமூலமான i சேர்ந்த எண்) வேண்டுமானால் சிக்கலெண்ணாக மாற்றிக் கொடு என்று வழியும் சொல்லுகிறது. ஒக்டேவும் மற்லாப்பும் 1.0000 + 1.7321i என்ற சிக்கலெண்ணைத் தருகின்றன.

சியிலும் ஜாவாவிலும் வலுச் சார்புக்குள் -8ஐயும் 1/3ஐயும் போட்டால் வருவது 1. முழு எண் வகுத்தலில் 1/3 பூச்சியமாகிவிட, -8இன் பூச்சியமாம் வலு 1. 1.0/3 என்று திருத்தினால்தான் நேன் வரும்.

லிப்ரே ஒபிஸ் விரிதாள் இதில் வேறு வழி போகிறது. சுட்டியின் தலைகீழ் ஒற்றை முழு எண்ணா என்று பார்த்து, ஆம் என்றால் குறியை எடுத்து வைத்துக் கணக்குச் செய்து -2 தருகிறது. மடக்கை அட்டவணையில் நாம் செய்வதேதான். மகிழ்ச்சியாக இருக்கும், (-8)^(2/3) கேட்கும் வரை. 4 வரவேண்டும், பிழை வரும்.

பைதனுக்குள் மூன்று பைதன்

பைதனைத் தனியாகப் பார்க்கவேண்டும். ஒரே மொழிக்குள்ளேயே மூன்று விதமான விடை இருக்கிறது.

(-8)**(1/3) என்று தட்டினால் 1.0000000000000002+1.7320508075688772ஜே. ஜே என்பது கற்பனைப் பகுதியின் அடையாளம். பைதன் 2இல் மறை எண்ணுக்குப் பின்ன வலு கேட்டால் பிழையாக இருந்தது. 2008 டிசம்பரில் வந்த பைதன் 3இல்தான் சிக்கலெண்ணாக மாறியது. பைதனோடு வரும் மேத் தொகுப்பின் பவ் சார்பிடம் அதையே கேட்டால் பிழை சொல்லி நின்றுவிடும். எண் வரிசைகளைக் கையாளும் நம்பைத் தொகுப்பின் அணியில் -8.0ஐப் போட்டுக் கேட்டால் ஒரு எச்சரிக்கை வரியோடு நேன் தரும். மட்பிளொட்லிப்பில் கனமூல வரைபு கீறும் பிள்ளைக்கு y அச்சின் இடது பக்கம் வெறுமையாக இருப்பது இந்த நேனால்தான். எச்சரிக்கை வரி மேலே எங்கோ ஓடிப்போயிருக்கும்.

சிக்கலெண் விடை பிழையா? இல்லை. -8க்கு மூன்று கனமூலங்கள்: -2, 1+√3i, 1-√3i. -8ஐ மட்டு 8, வீசல் 180 பாகை என்று எடுத்து மூன்றால் வகுத்தால் மட்டு 2, வீசல் 60 பாகை, அதுதான் 1+√3i. டி மோய்வர் தேற்றம் படித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடையாது. திரையில் வந்த எண்ணைக் காட்டி, மற்ற இரண்டையும் ஆர்கண்ட் வரைபடத்தில் குறிக்கச் சொன்னால் ஒரு பாடவேளையே ஓடும். ஆனால் அந்தத் தேற்றத்துக்கு இன்னும் வராத பிள்ளைக்கு அது வெறும் குப்பை எண்.

பைதனில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறொரு வரி. அடைப்பில்லாமல் -8**(1/3) என்று தட்டினால் -2.0 வருகிறது. எதிர்பார்த்த விடை! மறைக்குறி வெளியே நிற்பதால் 8க்கு மூலம் எடுத்து முன்னால் குறி ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளை அதை நம்பி -4**0.5 போட்டால் -2.0 வரும், -4க்கு வர்க்கமூலம் -2 என்று எழுதிவைக்கும். பிறகு x = -8 என்று மாறியில் வைத்து x**(1/3) கேட்டால் சிக்கலெண் வரும். எண்ணை நேரே எழுதினால் ஒன்று, மாறியில் வைத்தால் இன்னொன்று. பைதன் தெரிவு செய்பவர்கள் இந்த ஒரு வரியை முதல் வகுப்பிலேயே பலகையில் எழுதிக் காட்டவேண்டும் என்பேன்.

கடலாழத்தை வைத்து ஒரு சோதனை

கற்பனைக் கணக்கோடு நிற்காமல், இந்தக் கரைக்குப் பொருந்தும் ஒன்றைப் பார்ப்போம். ஆழிப்பேரலை ஆழ்கடலில் போகும் வேகம் ஏறத்தாழ √(gd). g புவியீர்ப்பு ஆர்முடுகல், d கடலின் ஆழம். ஆழம் 4000 மீற்றர் என்றால் 9.8 × 4000 = 39200, மூலம் எடுத்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 198 மீற்றர், மணிக்கு ஏறத்தாழ 713 கிலோமீற்றர். 2004 டிசம்பர் 26ஐ நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் இந்தக் கணக்கைச் சும்மா செய்வதில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள்.

கடலடித் தரவுகளில் ஆழம் பெரும்பாலும் மறை எண்ணாகவே இருக்கும். கடல் மட்டம் பூச்சியம், நிலம் நேர், கடலடி மறை. திருகோணமலைக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குவதால் தரவு நிரலில் பெரிய மறை எண்கள் வரிசையாக வரும். -4000ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டால் யார் என்ன செய்கிறார்கள்?

எக்செல் எண் பிழை என்று கலத்திலேயே காட்டும். இந்த இடத்தில் அது நன்றாக நடந்துகொள்கிறது, மறுப்பதற்கில்லை. ஜூலியாவும் பைதனின் மேத் தொகுப்பிலுள்ள வர்க்கமூலச் சார்பும் நின்று பிழை சொல்லும். பைதனில் **0.5 என்று போட்டால், மெய்ப்பகுதி பூச்சியத்துக்கு மிகக் கிட்டவும் கற்பனைப் பகுதி 197.99ஆகவும் ஒரு சிக்கலெண் வரும். உடனே நிற்காது. ஆனால் அந்த வேகத்தை இன்னொன்றோடு பெரிதா சிறிதா என்று ஒப்பிடும் வரி வந்தவுடன், சிக்கலெண்ணை ஒப்பிட முடியாது என்று விழும். பிந்தினாலும் பிடித்துவிடுகிறது.

ஜாவாஸ்கிரிப்டின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது. நேன் வந்தால் அது அடுத்த கணக்குக்குள் போய் அதையும் நேனாக்கும். ஒப்பிட்டால் ஆம் என்றும் வராது, பிழை என்றும் வராது, "இல்லை" என்று வரும். "வேகம் 500ஐ விடக் கூடவா?" இல்லை. "500ஐ விடக் குறைவா?" அதற்கும் இல்லை. எச்சரிக்கை கொடுக்க எழுதிய நிபந்தனை வரி சத்தமில்லாமல் தாண்டிப்போகும். முதல் கேள்வியில் அவ்வளவு கண்டிப்பாக நின்ற மொழி இதில் இப்படித் தளர்ந்துபோவது வருத்தம்தான்.

மறைச் சுட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2இன் -1ஆம் வலு பைதனில் 0.5, ரூபியில் 1/2 என்ற விகிதமுறு எண், போர்ட்ரனில் முழு எண் கணக்கென்பதால் 0. ஹஸ்கலில் முழு எண் வலுவுக்கான குறி மறைச் சுட்டியை ஏற்காது. நம்பையின் முழு எண் அணிகளும் ஏற்கா. அப்புறம், 2^3^2 போல் வலுவுக்கு மேல் வலு வந்தால் பைதனும் ஆரும் வலப்பக்கமிருந்து எடுத்து 512 தருகின்றன, எக்செலும் ஒக்டேவும் இடப்பக்கமிருந்து 64. புத்தகத்தில் மேலே மேலே ஏற்றி எழுதும் முறைக்குப் பொருந்துவது 512.

சரி, எதைப் போடுவது?

நான் பைதனைத்தான் போடுவேன். பாடத்திட்டத்தில் இருப்பது ஒரு காரணம். இரண்டாவது காரணம், முதல் கேள்வியில் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, இரண்டாவதில் வேண்டிய அளவு கண்டிப்பாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அதற்கு வகுப்பில் இரண்டு பழக்கம் போதும். மறை எண்ணை எங்கே எழுதினாலும் அடைப்புக்குள் எழுதுவது, அதைவிட நல்லது மாறியில் வைத்துவிடுவது. பின்ன வலு வந்தால் ** குறியை விட்டு மேத் தொகுப்பின் பவ்வைப் பாவிப்பது, அது சிக்கலெண்ணுக்குள் நழுவாமல் நின்று கத்தும். சிக்கலெண் பாடம் தொடங்கிய பிறகு ** குறிக்குத் திரும்பலாம்.

இணைந்த கணிதம் மட்டும் எடுக்கும் பிள்ளைகளுக்கு, புரோகிராம் எழுதத் தேவையில்லை, வரைபும் சிக்கலெண்ணும் போதும் என்றால் ஒக்டேவ் இன்னும் பொருத்தம். அதில் n ஆம் மூலத்துக்கென்று தனிச் சார்பு இருக்கிறது. -8ஐயும் 3ஐயும் கொடுத்தால் -2 தரும். மறை எண்ணுக்கு இரட்டைப்படை மூலம் கேட்டால் மறுக்கும். வலுக் குறியில் சிக்கலெண், மூலச் சார்பில் மெய் எண் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிப் படிப்பிக்கலாம். தரவிறக்கம் பெரிது என்பதால் ஒருமுறை இறக்கி பென்டிரைவில் வைத்து மற்ற இயந்திரங்களுக்குப் பிரிப்பது நல்லது.

கைப்பேசிப் பிள்ளைக்கு ஜாவாஸ்கிரிப்ட் கொடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: விடையைப் பாவிக்கும் முன் அது நேனா என்று சோதிக்கும் வரி ஒன்று ஒவ்வொரு புரோகிராமிலும் இருக்கவேண்டும். கனமூலத்துக்கு 2015இலிருந்தே அதில் தனிச் சார்பு இருக்கிறது, -8க்கு -2 சரியாகத் தரும்.

விரிதாளைப் புள்ளிப் பட்டியலுக்கும் சராசரிக்கும் நியம விலகலுக்கும் வைத்துக்கொள்ளலாம். வித்தியாசத்தின் வர்க்கம் அடைப்புக்குள்தான் வரும், அதனால் அங்கே ஆபத்தில்லை. சார்புகளின் வரைபுக்கு அதைக் கொடுக்கமாட்டேன். ஆர், ஜூலியா இரண்டும் நல்ல மொழிகள். ஜூலியாவின் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இங்கே பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்க ஆள் இருக்கவேண்டும், பைதனுக்கு அந்த ஆள் கிடைப்பார்.

பைதன் போடும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேத் தொகுப்பில் கனமூலச் சார்பு பைதன் 3.11இலிருந்துதான் இருக்கிறது. நன்கொடையாக வரும் பழைய கொம்பியூட்டர்களில் விண்டோஸ் 7 இருந்தால் 3.8க்கு மேல் ஏறாது, 3.9இலிருந்து விண்டோஸ் 7க்கு ஆதரவு இல்லை. அந்த இயந்திரங்களில் நம்பையின் கனமூலச் சார்பைப் பாவிக்கலாம். அல்லது பிள்ளைகளையே ஒரு சின்னச் சார்பு எழுத விடலாம்: எண்ணின் குறியை எடுத்து வைத்து, தனிப்பெறுமானத்துக்கு 1/3ஆம் வலு எடுத்து, குறியைத் திரும்ப ஒட்டுவது. -8க்கு -2.0 வரும். -64 போட்டால் -3.9999999999999996 வரும். அதற்குக் காரணம் மேலே சொன்ன அதே 1/3தான், அதனால் முழு எண் விடை எதிர்பார்க்கும் இடத்தில் கடைசியில் ஒரு மட்டந்தட்டல் வரியையும் சேர்க்கச் சொல்லவேண்டும்.